ஒரு வண்டி நீளம்

தோஹாவிலிருந்து ஆக்லாந்துக்கு
பதினாலாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பதினாறு மணி நேரம் என்றாள் இமெல்டா,
நடுவில் எங்கேயும் நிற்காதாம்.
முதலாளி குடும்பம் ஊர் சுற்றப் போகிறது,
குழந்தையைத் தூக்கிக்கொள்ள இவள்.
"அண்ணே, நான் எறங்குற வரைக்கும் நீ தூங்காத.
பாத்துக்கினே இரு."
ஓட்டுகிறவனுக்கு நான் பார்ப்பது தெரியப்போவதில்லை.
ஆனாலும் சரி என்றேன்.

எர்ணாவூரில் பாலம் இறங்கியதுமே வரிசை.
ஜீரோ கேட்டுக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்.
இரவு பத்தரை. அவள் வண்டி கிளம்பியது,
என் வண்டி நின்றது.

போனில் ஒரு மஞ்சள் விமானம், கொசு அளவு,
ஓமன் கரையைத் தாண்டுகிறது.
எனக்கு முன்னால் மாதேஸ், ஓசூர் கிரானைட்.
வண்டிக்கு அடியில் பாய் விரித்து
கால் இரண்டும் வெளியே தெரியப் படுத்திருக்கிறான்.
மணலிப் பக்கம் புகைபோக்கி உச்சியில் தீ
இன்றைக்குக் கொஞ்சம் நீளம்.
டீ கேன் வைத்த சைக்கிள் மூன்றாம் முறை வருகிறது.
"இன்னாண்ணே, அதே எடத்துலயே கீற?"
அதே இடம்தான். அதே கருவாட்டு வாசனை,
அலையைத் தடுக்கக் கொட்டிய அதே கருங்கல்.

ஒரு மணிக்கு அவள் அரபிக்கடலில் பாதி.
ஒன்றரைக்கு நாங்கள் நான்கு வண்டி நகர்ந்தோம்:
பெட்ரோல் பங்க்கின் முகப்பிலிருந்து
அதன் கக்கூஸ் வரைக்கும்.
கிளீனர் இல்லாத வண்டியில்
இந்தக் கணக்கை யாரிடம் சொல்ல.

இரண்டே காலுக்கு அந்தக் கொசு
கன்னியாகுமரிக்குத் தெற்கே வந்தது.
விரலை வைத்து அளந்தேன்.
எழுநூறு கிலோமீட்டர், கூடக் குறைய.
மூன்று வருஷத்தில் அவள்
இவ்வளவு கிட்டே வந்ததில்லை.
அம்மா சாவுக்கும் விடவில்லை,
பாஸ்போர்ட் அந்த வீட்டு அலமாரியில்.
இதோ தாண்டிக்கொண்டிருக்கிறாள்,
நிமிஷத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர்.
என்ன செய்வதென்று தெரியாமல்
ஹாரனை அடித்தேன்,
கையை எடுக்காமல்.

பின்னால் இருந்தவன் கேட் திறந்ததென்று நினைத்து அடித்தான்.
அவனுக்குப் பின்னால் இருந்தவனும்.
கத்திவாக்கம் வரைக்கும் ஹாரன்.
மாதேஸ் தலையை இடித்துக்கொண்டு எழுந்தான்,
"எவன்டா அவன்? தொறந்துட்டானா?"
பாயை அப்படியே உள்ளே எறிந்து ஏறிக் கிளப்பினான்.
யாரும் எதையும் திறக்கவில்லை.
முன்னால் எங்கேயோ தூக்கத்தில் எவனோ விட்டுவைத்த சந்து
ஒவ்வொன்றாக அடைபட்டு
நாங்கள் எல்லோரும்
ஒரு வண்டி நீளம் முன்னே போனோம்.

பிறகு திட்டு, தாயையும் சேர்த்து.
நானும் கூடச் சேர்ந்து
அந்த ஹாரன்காரனைத் திட்டினேன்.

நடுக்கடலில் விமானம் சாம்பல் நிறமானது.
சிக்னல் இல்லை, உத்தேசமாகக் காட்டுகிறோம்
என்று இங்கிலீஷில் ஒரு வரி.
விடியும் வரை உத்தேசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் மூன்று. காசிமேடு.
ஐஸ் வண்டித் தண்ணீர் ரோடெல்லாம்.
போலீஸ்காரர் பானெட்டைத் தட்டி ஓரம் என்கிறார்.
போனில் நான்கு சதவீதம்.
"எறங்கிட்டேண்ணே. இங்க ராத்திரி. குளுருது.
நீ போய்ச் சேந்துட்டியா?"

கேட் தெரிகிற மாதிரி இருந்தது,
அல்லது முன்னால் நிற்கும் பெட்டியின் கதவு.
"ஆச்சு" என்று அடித்தேன்.
அனுப்புவதற்குள் மாதேஸ் நகர்ந்துவிட்டான்.