நான்காம் நாள் டிக்கெட்

ஐந்து நாள் டிக்கெட்டில் மூன்று கிழிபட்டது.
மிச்சம் இரண்டும்
என் ரீடிங் நோட்டுக்கு நடுவே விறைப்பாக நிற்கின்றன,
ஓரத்துப் பொட்டுத் துளைகள்கூட மடங்காமல்.

நான்காம் நாள் காலை லீவை ரத்து செய்துகொண்டு
ஐஸ் ஹவுஸ் செக்‌ஷனுக்குள் நுழைந்தேன்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
முனவ்வர் மட்டும் நாற்காலியை நகர்த்திப் போட்டான்,
சாவு வீட்டிலிருந்து வந்தவனுக்குப் போடுவதுபோல.

மின்சார மீட்டர் கணக்கெடுப்பவன் நான்.
என் தொழிலில் எண்களுக்கு ஏறத்தான் தெரியும்.
ஆளில்லாத வீட்டில்கூட
நின்ற இடத்தில் நிற்குமே தவிர இறங்காது.
இருநூற்றுப் பன்னிரண்டு
நூற்று அறுபத்து நான்கு
நூற்று ஒன்பது
இந்தக் கணக்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எப்போது ஆரம்பித்தது என்று கேட்கிறார்கள்.
எங்கள் காம்பவுண்டுக் கிணறு
உப்பான வருஷத்தை யாரால் சொல்ல முடியும்?
முதலில் டீயில் தெரிந்தது. பால்காரரைத் திட்டினோம்.
பிறகு பருப்பு வேகவில்லை. பருப்பைத் திட்டினோம்.
குழாய் முனையில் வெள்ளை பூத்தபோதும்
கோடைதானே, ஒரு மழை வந்தால் சரியாகிவிடும் என்றோம்.
மழையும் வந்தது.
ஒரு தொடர் ஜெயித்தோம்.
செக்‌ஷன் முழுக்க நான்தான் சாக்லெட் கொடுத்தேன்.
கடல் அதற்குள் மண்ணுக்கு அடியில்
சத்தமில்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தது.

நேற்று சேப்பாக்கத்தில்
மூன்று மணிக் காற்று சரியான நேரத்துக்கு வந்தது.
அது ஒன்றுதான் பழைய ஃபார்மில் இருந்தது.
நம் மண், நம் புழுதி, நம் வெயில்,
நமக்காகவே காயவைத்த பிட்ச்.
வந்தவன் அதில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.
நம் கால்கள்தான்
வாடகை பாக்கி வைத்தவன் படியேறுவதுபோல
முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்று தவித்தன.

ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை
போகட்டும் என்று விடத் தெரிந்த ஒருவரும் இல்லை.
விட்ட பந்துக்குக் கை தட்டிய கூட்டம் நாங்கள்.
சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்:
அடிக்காததுக்கு எதுக்குப்பா தட்டினீங்க?

ஒன்பதாவது விக்கெட்டில் எழுந்து நின்றோம்.
எதிரணியின் சுழல்பந்துக்காரனுக்கு ஆறாவது அது.
நல்ல ஆட்டம் யாருடையதானாலும்
நின்று தட்டுவது இந்த ஊர் வழக்கம்.
ஆனால் பொய் சொல்லக் கூடாது:
தட்டுவதற்கு எழுந்தோமா
கிளம்புவதற்கு எழுந்தோமா
எனக்கே தெரியவில்லை.
பக்கத்து சீட் தேவசகாயம்
ஐந்தாம் நாளுக்கென்று எடுத்துவைத்த ஜெலுசிலை
அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார்.

யாரும் கத்தவில்லை. அதுதான் உறுத்தியது.
ஒரு காலத்தில் தோற்றால்
டிவியை உடைப்பேன் என்றாவது சொல்வோம்.
நேற்று எல்லாரும் பறக்கும் ரயிலைப் பிடிக்க
ஒழுங்காக வரிசையில் போனார்கள்.
இரவு ஆட்டங்களுக்கு மஞ்சளாக வருகிற கூட்டம்
வேறு சந்தோஷம்; அதில் எனக்குப் பொறாமை இல்லை.
கொஞ்சம் இருக்கிறது.

இன்று பத்தரைக்கு பெல்ஸ் ரோட்டில் ரீடிங்.
ஏழாம் நம்பர் வீடு: நூற்று நாற்பது யூனிட்.
ஒன்பது: கதவு பூட்டு.
எதிரே ஸ்டேடியத்தின் இரும்புக் கதவு,
அதிலும் பூட்டு.
உள்ளே எங்கோ தண்ணீர் தெளிக்கிற சத்தம்.
வாட்ச்மேன் என் அட்டையைப் பார்த்துவிட்டு
மீட்டர் பின்பக்கம் சார் என்றார்.
அது என் ஏரியா இல்லை.
இருந்தும் கொஞ்ச நேரம் நின்றேன்.
இந்நேரம் புதுப்பந்து எடுத்திருப்பார்கள்.

அடுத்த டெஸ்ட் ஏதோ குளிர் தேசத்தில்,
நமக்கு விடிகாலை ஐந்து மணிக்கு.
முனவ்வர் லீவு ஃபாரத்தை நீட்டுகிறான்,
உதட்டோரம் சிரிப்பு:
இந்தத் தடவை எத்தனை நாள், ஓய்?

மூன்று என்று எழுதினேன்.
அடித்தேன்.
ஐந்து.

காரணம் என்ற இடத்தில் எப்போதும் போல
சொந்த வேலை.