பூ இல்லாத மாதிரி

மூன்று சிற்றிலை.
ஓர இலைகள் இரண்டும் கோணல்,
நடுவில் இருப்பது மட்டும் நேர்.
அவரைக் குடும்பம்; அதுவரை சரி.
அதற்குமேல் பூ வேண்டும்.
பூவோ நாற்பதடி உயரத்தில்,
வௌவால் வந்தால்தான் வாய் திறக்கும்.

ஓசாக் காட்டில் மூன்றாம் நாள் மழை.
நிட்சியா ஒரு கேள்விக்குறி போட்டு
குறிப்பேட்டை மூடிவிட்டாள்.

எவெலியோவுக்குப் பொறுக்கவில்லை.
அரிவாள் முனையை மாட்டி இழுத்தான்.
நீள்காம்பில் ஆடிய நெற்று
அவன் சட்டைக்குள் இறங்கியது,
குறுக்கே மடிப்பு மடிப்பாய்,
மேலெல்லாம் பொன்னிறச் சுணை.

அவன் ஆடிய ஆட்டத்தில்
சேறு தெறித்தது,
கெட்ட வார்த்தை தெறித்தது,
இடுப்பில் கரும்பட்டை கட்டிய
விதையும் தெறித்தது.
'மாட்டுக்கண்' என்றான், சொறிந்தபடி.

கேள்விக்குறியை அடித்துவிட்டு
பூனைக்காலிப் பேரினம் என்று எழுதினாள்.
சேகரித்தவர்:
எவெலியோவின் முதுகு.