கைதட்டல் வேறு ஊருடையது

மூன்றாவது பாட்டில் டோர்ஸ்டி தப்பு செய்வான்.
ஸ்டுடியோ ஆல்பத்தில் அந்த இடம்
துடைத்துவைத்த கண்ணாடி.
லாஹ்தி கச்சேரிப் பதிவிலோ
கிட்டார் கம்பி அறுவதும்
அவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்வதும்
இல்போ டிரம்மை இழுத்தடித்து
அவனுக்கு நேரம் வாங்கித் தருவதும் கேட்கும்.
நாற்பத்தொரு நொடி. எண்ணியிருக்கிறேன்.

கோவோலா சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன்.
போகும்போது ஸ்டுடியோ கேசட்,
திரும்பும்போது லாஹ்தி.
போகையில் எல்லாம் அதனதன் இடத்தில்;
குரல்மேல் குரல் அடுக்கி
ஒரே ராக்கெல் மூன்று பேராக நின்று பாடுவாள்.
திரும்புகையில் அவள் ஒருத்திதான்.
மூச்சு வாங்கும்.
கடைசி பஸ்ஸைப் பிடிக்கப்போவதுபோல்
எல்லோரும் ஓடுவார்கள், என் வண்டியும்.
ஒருமுறை அந்த டிரம்முக்கு
யார் வீட்டுத் தபால்பெட்டியையோ பலி கொடுத்தேன்.

நீ அங்கே இருந்தாயா என்று கேட்டால்
இருந்தேன் என்பேன்.
இருபது வருடமாக இருந்துவருகிறேன்.
தம்ளர் உடையும் இடம்,
எவளோ ஒருத்தி "பெர்ட்டூ" என்று கத்தும் இடம்
(பெர்ட்டு பதில் சொல்வதில்லை),
நிஜமாகவே போனவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.
டிக்கெட் இன்னும் கிழிபடாமல் இருக்கிறது.

போன மார்ச்சில்
பெட்ரோல் நிலையத்துக் காப்பி மேசையில் இல்போ.
இப்போது டயர் விற்கிறான். வலது மணிக்கட்டில் பட்டை.
கேட்டேவிட்டேன், அந்த நாற்பத்தொரு நொடியை.
சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னான்:
லாஹ்தியில் கம்பி எதுவும் அறவில்லை.
மைக்கெல்லாம் ஈரம், பதிவு பாழ்.
ஏப்ரலில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து
முழுக்கத் திரும்ப வாசித்தோம்.
அறுந்தது அங்கே. நன்றாயிருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.
கைதட்டல் துர்க்குவில் வாங்கியது,
வேறொரு குழு வாங்கியது.

"அப்போ பெர்ட்டு?"
தோளைக் குலுக்கினான்.
துர்க்குக்காரனாக இருக்கும்.

எழுந்து கோட்டை மாட்டும்போது சொன்னான்:
"முதல் ஆல்பம், ஐந்தாம் பாட்டு, கடைசியில்
சத்தத்தைக் கூட்டிக் கேள்.
நிலவறைக்கு மேலே ஆறாம் எண் டிராம் போகும்.
முப்பது முறை எடுத்தோம். முப்பதிலும் டிராம்.
ஓட்டுநருக்கும் சம்பளம் கொடுங்கள் என்றாள் ராக்கெல்."

அன்றிரவு போகும் வழியிலேயே ஓரங்கட்டினேன்.
எஞ்சினை அணைத்தேன்.
மூன்று ராக்கெல்களும் ஓய்ந்த பிறகு
இரும்பின்மேல் இரும்பு,
ஒரு வளைவு, ஒரு மணி.
வீட்டுக்குப் போகும் யாரோ நாற்பது பேர்
எதையும் கேட்காமல்
அந்தப் பாட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.
ரீவைண்ட் செய்தேன். திரும்பவும் போனார்கள்.
சாலையில் பனி ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

யாராவது கேட்டால் இன்னமும்
லாஹ்தியில் இருந்தேன் என்றுதான் சொல்கிறேன்.
பெர்ட்டுவும் வந்திருந்தான் என்கிறேன்,
பக்கத்தில்தான் நின்றான்,
அவள் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை.