ஒன்பது கிடையாது

செம்மண்டலத்துக் கடையில் நிஜாமுதீன்
ஒரு கதவுத் தகட்டில் தண்ணீர் தெளித்துக் காட்டினார்.
உருண்டது, ஓடியது, தரையில் விழுந்து
சாதாரணத் தண்ணீராயிற்று.
"செராமிக் கோட்டிங். இருபத்திரண்டாயிரம், மேடம்.
மூணு வருஷத்துக்கு வெயில் தொடாது."

வெயில் தொடாது என்று
கடலூரில் நின்றுகொண்டு சொல்கிறார்,
அதுவும் கத்திரியில், பதினொன்றரை மணிக்கு,
நெற்றியைச் சட்டைக் கையில் ஒற்றிக்கொண்டே.

எனக்கு வெயிலோடு தொழில்முறைப் பழக்கம்.
சிப்காட்டில் சாயக் கம்பெனி ஆய்வகம்.
துணித்துண்டில் பாதியை அட்டையால் மூடி
விளக்கின் கீழ் வைப்பேன்.
இரவு பகல் அணையாத விளக்கு.
பிறகு அட்டையை எடுத்து
மூடிய பாதியையும் காய்ந்த பாதியையும்
நீலக் கம்பளிப் பட்டைகளோடு ஒப்பிட்டு எண் போடுவேன்.
ஒன்று என்றால் ஓடிப்போகிற நிறம்.
எட்டு என்றால் பிடிவாதம்.
ஒன்பது கிடையாது.

என் கார் முன்பு ஒரு டாக்டருடையது.
பானட்டில் அவர் ஒட்டியிருந்த கூட்டல் குறியை
வாங்கிய அன்றே நகத்தால் உரித்தேன்.
ஸ்டிக்கர் வந்தது, குறி வரவில்லை.
எட்டு வருடம் வெயில் காணாத சிவப்பு
கூட்டல் வடிவில் அப்படியே இருக்கிறது,
சுற்றிலும் மழையில் கிடந்த செங்கல் நிறம்.
ஆல்பேட்டை செக்போஸ்டில்
"நீங்க போங்க டாக்டர்" என்றார் ஒரு காவலர்.
போனேன்.

"பூசறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"
"மேல்தோலைத் தேய்ச்சு எடுப்போம். அந்தக் குறி இருக்காது."
"உள்ளே சூடு குறையுமா?"
யோசித்தார். "அது குறையாது."
"போர் தண்ணி வெள்ளைத் திட்டு?"
"வரும். காயறதுக்குள்ள துடைச்சிடணும்."
"காக்கா எச்சம்?"
"அதுவும் துடைக்கணும்."
"உப்புக்காத்து?"
"துரு அடியிலதான் பிடிக்கும் மேடம், இது மேல பூசறது."
பிறகு முதலாளி இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு,
"உங்க வீட்ல நிழல் இருக்கா?" என்றார்
வேறு யாருடைய ரகசியத்தையோ கேட்பதுபோல.

மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு.
தகரக் கொட்டகைக்கு ஓனர் சம்மதிக்கவில்லை,
சுவரில் ஆணி இறங்கினால் அட்வான்ஸில் இறங்குமாம்.
கம்பெனியில் மேனேஜர்களின் கார்களுக்குக் கூரை உண்டு.
மற்றவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல்,
காலையில் மேற்கே நீண்டு, மாலையில் கிழக்கே நீண்டு,
உச்சியில் தன் காலடியிலேயே சுருண்டு படுக்கிற நிழல்.

பூசிய தகட்டுத் துண்டு ஒன்று,
பூசாதது ஒன்று கேட்டு வாங்கி வந்தேன்.
நாற்பத்தேழாம் மாதிரிக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவே
யாரிடமும் சொல்லாமல் வைத்தேன்,
பாதி மூடி, பாதி திறந்து.
பதினாறு நாள் ஆயிற்று.
இரண்டும் இன்னும் ஒரே சிவப்பு.
விளக்குக்கு அவசரமில்லை,
மாதத் தவணை எனக்குத்தான்.

அதுவரை தினமும் ஒரு மணிக்கு
சோற்று டப்பாவை மூடிவிட்டு வெளியே வருகிறேன்,
நிழலோடு வண்டியை நகர்த்த.
காவலாளி தணிகாசலம் சிரிக்கிறார்:
"மாடு மேய்க்கறாப்புல இருக்கும்மா."
ஸ்டியரிங் கொதிக்கிறது, துப்பட்டாவைச் சுற்றிப் பிடிக்கிறேன்.
ஜன்னல் பக்கத்து வலக்கை
இடக்கையைவிட இரண்டு எண் கறுத்திருக்கிறது.
நேற்று கடிகாரத்தைக் கழற்றியபோது
மணிக்கட்டில், பட்டை அகலத்துக்கு,
வேலைக்குச் சேர்ந்த வருடத்து நான்.

நிஜாமுதீனுக்குப் போன் செய்தேன்.
"அந்தக் குறியைத் தேய்க்காம, அப்படியே பூச முடியுமா?"
பின்னால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.
"பூசலாம். ஆனா சுத்தி வெளுத்ததையும் சேர்த்துத்தான்
அது காப்பாத்தும்."

கத்திரி முடியட்டும் என்றேன்.
முடிந்தபிறகு எதற்கு என்று
அவரும் கேட்கவில்லை.
வண்டியை இன்னும் ஓரடி
பின்னால் எடுத்தேன்.