மார்ச் மாதத்து நேர்த்திக்கடன்

விடிய இன்னும் நேரமிருக்கிறது.
கொண்டெய்ஷா தீயணைப்பு நிலையத்துத் தரையிலிருந்து எழுந்து
இருபத்திரண்டு பேர் மஞ்சள் சட்டைக்குள் நுழைகிறோம்,
வெளிச்சம் பட்டால் மின்னும் சட்டை.
ரோடு போட வந்தவங்கன்னு நினைச்சு
மாதா நம்மைத் திருப்பி அனுப்பிடப்போறா என்கிறான் பெல்மீரு.
நேற்றும் இதையேதான் சொன்னான்.
நேற்றும் சிரித்தோம்.

தேசிய நெடுஞ்சாலை ஒன்று.
இடப்பக்கம், ஒற்றை வரிசை.
வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம்,
அவ்வளவுதான் எங்கள் பாதை.
ஒவ்வொரு லாரியும் தன் காற்றை
முகத்தில் அறைந்துவிட்டுப் போகிறது.
யூகலிப்டஸ் வாசனை, டீசல், மறுபடி யூகலிப்டஸ்.
சிலர் ஹாரன் அடிக்கிறார்கள்:
இரண்டு குட்டை, ஒரு நெட்டை.
அது வாழ்த்து.
நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இருபத்தாறு வருஷம் இதே சாலையில்
அகெடாவிலிருந்து ஓடு ஏற்றிப் போனாய், அதேரித்து.
மே மாதம் வீட்டுக்கு வந்ததும்
"இன்னிக்கு நடக்கிறவங்க ஜாஸ்தி" என்பாய்,
மழை ஜாஸ்தி என்பதுபோல.
நீ ஒருநாளும் நடந்ததில்லை.

லாரியை விற்கும்போதுதான்
வெயில் தட்டியில் செருகியிருந்த காகிதம் விழுந்தது.
டீசல் ரசீதின் பின்பக்கம், உன் சாய்ந்த எழுத்து:
பாத்திமாவுக்கு, நடந்து. கடன்பட்டிருக்கிறேன்.
மார்ச் 1998.
என்ன கேட்டாய், என்ன கிடைத்தது,
ஒரு வரி இல்லை.
மளிகைக்கடைக்காரன்கூடச் சாமான் பெயரை எழுதிவைப்பான்.

வேண்டுதல் வேண்டியவனோடு தீர்ந்தது என்றார் பங்குச் சாமியார்.
வங்கி அப்படிச் சொல்லவில்லையே, சாமி, என்றேன்.

நடந்துகொண்டே கணக்குப் பார்க்கிறேன்.
தெல்முவின் காய்ச்சலா? அது நவம்பர்.
வீட்டுக் கடன் அடைந்தது ஆகஸ்ட்.
உன் அண்ணனின் ஈரல், கேட்டும் கிடைக்காதது.
மார்ச்சில் ஒன்றுமே நடக்கவில்லை.

பொம்பாலுக்கு ஒன்பது கிலோமீட்டர் முன்னால்
ஒரு பெட்ரோல் பங்க்.
ஜுல்மீரா வேனின் பின்கதவைத் திறந்து
என் குதிகாலை மடியில் வைத்துக்கொள்கிறாள்.
மீன் மார்க்கெட்டில் வேலை,
மூன்று நாளாகியும் கை மத்தி மணக்கிறது.
ஊசியில் கறுப்பு நூல்.
கொப்புளத்தின் இந்தக் கரையில் இறக்கி அந்தக் கரையில் ஏற்றி
நூலை உள்ளேயே விட்டுவிடுகிறாள், நீர் வடியட்டுமென்று.
"கத்தணும்னா கத்து. யாரும் ஊர்ல சொல்ல மாட்டாங்க."

கறுப்பு நூல்.

நீலப் பெட்டியின் பிரிந்த ஓரத்தைக்
கறுப்பு நூலால்தான் தைத்தேன்.
மூன்று ரவிக்கை, பாஸ்போர்ட்,
லியோனிலிருக்கும் அக்காவின் போன் நம்பர்.
கட்டிலுக்கடியில் பதினோரு நாள் இருந்தது பெட்டி.
போகாததற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை.
தெல்முவுக்குப் பல் ஆடிக்கொண்டிருந்தது.
விழட்டும் என்று இருந்தேன்.
விழுந்தது. அடுத்த பல் ஆடியது.

நீ பார்த்திருக்கிறாய்.
பார்த்துவிட்டு, பெட்டியை இருந்த இடத்துக்கே தள்ளிவிட்டு,
ஓடு ஏற்றப் போயிருக்கிறாய்.
இந்த வளைவுகளில் எங்கோ
அவளிடம் கேட்டிருக்கிறாய்.

என்னிடம் கேட்டிருக்கலாம்.
அடுப்பு ஏழடி தூரம்.
நீ போய் நூற்றிருபது கிலோமீட்டருக்குப் பேரம் பேசினாய்.

மீதி ஒன்பதையும் கோபத்தில் நடந்தேன்.
மெதுவா போ இதலீனா,
மாதா எங்கேயும் ஓடிட மாட்டா என்று
பின்னாலிருந்து கத்தினான் பெல்மீரு.
நான் தங்கியதற்கு நானே நடக்கிறேன்,
சரக்கும் நான், வண்டிக்கூலியும் நான்.

அல்லது பிரேக்குக்காகவும் இருக்கலாம்.
அந்த வருஷம்தான் ஓர் இறக்கத்தில்
பிரேக் பிடிக்கவில்லை என்றாய்.
எந்த மாதம் என்று சொன்னதாக நினைவில்லை.

பொம்பால். பள்ளி விளையாட்டுக்கூடம்,
கூடைப்பந்துக் கோடுகளின்மேல் மெத்தைகள்.
முட்டைக்கோஸ் சூப் ஆறிவிட்டது.
குதிகாலில் நூலின் இரு முனைகளும்
வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.
யாரோ ஜெபமாலையைப் பாதியில் விட்டுக் குறட்டை விடுகிறார்கள்.

வெளியே ஒரு லாரி.
படுத்தபடியே கேட்கிறேன்:
மூன்றிலிருந்து இரண்டாவது கியர்.
ஏற்றம்.