சமமானால் தோல்வி

எனக்குத் தொண்ணூறு நாள் வேலை.
சட்டமன்றம் கலையும்போது நானும் கலைந்துவிடுவேன்.
அதுவரை நூற்று முப்பத்தேழாம் அறையின் மூலையில்
யார் என்ன சொன்னார் எனத் தட்டச்சு செய்கிறேன்.
இருமலை எழுதக் கூடாது.
பெருமூச்சையும்.
முதல் வாரத்தில் ஓரிடத்தில் "சிரிப்பு" என்று போட்டு
திட்டு வாங்கியிருக்கிறேன்.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
மிசௌரி ஆறு கல்லாகிக் கிடக்கும் பிப்ரவரி.

முதல் மசோதா:
உடல்நலக் காப்பீட்டில்
ஆணுக்கொரு விலை, பெண்ணுக்கொரு விலை கூடாது.
சாட்சி: மார்லிஸ் ஹௌகன்,
ஜல்லி லாரி ஓட்டுகிறவர்.
தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்,
அது சொட்டிக்கொண்டே இருந்தது.

"எனக்கு ஓர் இரட்டைத் தம்பி, டுவெய்ன்.
எனக்கு எட்டு நிமிடம் கழித்து வந்தவன்.
பதினாலு வயதிலிருந்து புகைக்கிறான்.
காளைமேல் ஏறி விழுந்து
காறை எலும்பை இரண்டு தரம் உடைத்துக்கொண்டவன்.
அவனுக்கு மாதம் இருநூற்றுப் பதினொன்று.
எனக்கு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
ஏன் என்று எழுதிக் கேட்டேன்.
'இடர்' என்று ஒரே வார்த்தையில் பதில்.
யாருடைய இடர் என்று
அதில் இல்லை."

காப்பீட்டு நிறுவனத்தின் கென்ட் வில்மாட்
வரைபடம் கொண்டுவந்திருந்தார்.
பெண்கள் மருத்துவரிடம் அதிகம் போகிறார்கள்,
இது கணக்கு, கசப்பு அல்ல என்றார்.
நல்ல மனிதர்தான்.
சொட்டிய தண்ணீரைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

நான் தட்டச்சு செய்தபடி கணக்குப் போட்டேன்:
எட்டு நிமிடத்துக்கு எண்பத்தேழு டாலர்.
முந்தி வந்ததற்கு வாடகை.

இரண்டாம் மசோதா:
வாக்களிக்கும் நாளிலேயே பெயர் பதியலாம்.
மார்லிஸ் எழுந்து போகவில்லை.
"மறுபடியும் நான்தான்" என்றார்.
அக்டோபரில் வேலைக்காக அடுத்த கவுண்டிக்குக் குடிபோனாராம்.
பள்ளிக்கூட விளையாட்டரங்கில் வரிசையில் நின்று,
பெயர் இல்லை என்று கேட்டு,
கூடைப்பந்து வளையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்
திரும்பி வந்தாராம்.
"என் விலையை நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.
உங்களை முடிவு செய்ய
நான் பதினோரு நாள் தாமதம்."

கவுண்டி எழுத்தர் வெர்னா ஸ்லுகா எதிர்த்தார்.
"என்னிடம் மூன்று பேர், ஒரு ஜெராக்ஸ் இயந்திரம்.
நள்ளிரவு வரை வரிசை நிற்கும்.
அந்த வரிசையின் வாயில் நிற்பது நான்."
அதுவும் பொய்யில்லை.
அதையும் எழுதினேன்.

இரண்டாவதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினார்கள்.
முதலாவதுக்கு வாக்கெடுப்பு.
ஆம், எட்டு.
இல்லை, எட்டு.
தலைவர் ஆர்லோ பிரசெக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்:
"வாக்குகள் சமம்.
ஆகவே மசோதா தோல்வி."

விதி அப்படி.
இதற்கு முன் எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன் இந்த வரியை.
இன்று "சமம்" என்ற இடத்தில்
விரல் தானாக நின்றது.
பிறகு "ஆகவே" என்று அடித்தேன்.

ஐந்து மணிக்கு வாகன நிறுத்தத்தில்
வில்மாட்டின் கார் உயிர்விட்டிருந்தது.
யாரும் கூப்பிடவில்லை, மார்லிஸ்
லாரியை மூக்கோடு மூக்காக நிறுத்தி
சிவப்புக் கம்பி, கறுப்புக் கம்பி மாட்டினார்.
இஞ்சின் செருமியது, பிடித்தது.
"ஆண் வண்டிக்குக் கட்டணம் கூடுதல்" என்றார்,
முகத்தில் ஒன்றுமில்லை.
அவர் நிஜமாகவே பணப்பையைத் தேடினார்.
அதற்குள் லாரி சாலையைத் தொட்டுவிட்டது.

நான் சிரித்தேன், சிரிப்பு இருமலானது.
மூன்று வாரமாக இருக்கிறது.
தொண்ணூறு நாள் ஆட்களுக்குக்
காப்பீடு கிடையாது,
ஆண் விலையிலும், பெண் விலையிலும்.

மேலே போய் விளக்கைப் போட்டேன்.
ஒரு வரி விட்டுப்போயிருந்தது.
அடுத்த கூட்டம்:
வெள்ளி, காலை எட்டு மணி, இதே அறை.