முப்பத்திரண்டு டிகிரி

குல்சமீரின் ஜேசிபி வாளியில்
மண்ணோடு வந்தன பதினான்கு முட்டைகள்.
ஓடு இல்லை, தோல்.
விரல் பட்டால் குழிந்து மெல்ல எழும்.
தப் என்றான், முள்வால் பிராணி.
பெரிதானால் நல்ல கறி என்றும் சொன்னான்.
சோற்று டப்பாவைக் காலி செய்து
மணலோடு, கிடந்த வாக்கிலேயே எடுத்துக்கொண்டேன்.
புரண்டால் உள்ளிருப்பது மூழ்கிவிடும்.
ஒவ்வொன்றின் உச்சியிலும்
பென்சிலால் ஒரு பொட்டு.

சஜா கேம்பில் வெளியே நாற்பத்தேழு.
அறைக்குள் இருபத்திரண்டு,
எட்டுப் பேருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம்.
முட்டைக்கு இரண்டுமே ஆகாது.

பதினோரு வருஷமாய் ஏசி மெக்கானிக் நான்.
எதையும் சூடாக்கிப் பழக்கமில்லை.
ஷார்ஜா மீன் மார்க்கெட்டின் தெர்மோகோல் பெட்டி,
கழுவியும் போகாத ஷேரி வாசம்.
பால் பவுடர் டின்னுக்குள் நாற்பது வாட்ஸ் பல்பு.
கரண்ட் போனால் சூட்டைப் பிடித்து வைக்க
மூன்று தண்ணீர் பாட்டில்.
அப்புறம், குப்பைக்குப் போகவிருந்த தெர்மோஸ்டாட்.
சூடானால் ஓடு, குளிர்ந்தால் நில்
என்றே ஆயுள் முழுக்க இருந்தது.
ஒரே ஒரு வயரைக் கழற்றி
பக்கத்துப் பாயிண்டில் மாட்டினேன்.
குளிர்ந்தால் எரி, சூடானால் அணை.
இவ்வளவுதானா என்று
கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தேன்.

நாலு நிமிஷத்துக்கு ஒரு டக்.
கீழ்க்கட்டில் சேவுகனுக்குத் தூக்கம் போயிற்று.
"வேலியில போன ஓணானை எடுத்து
வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீரு,
விட்டது என் கட்டில் பக்கமா?"

ரைஸ் குக்கர் தேடி வந்த கேம்ப் பாஸ் ஹம்தி
மூடியைத் திறந்து உள்ளே கைவைத்தார்.
எடுக்கவில்லை.
எண்ணினார்.
"இது எட்டுப் பேர் அறை.
பதினான்கு பேருக்கும் விசா இருக்கிறதா?"
சிரிக்காமலே மூடிவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் ஐந்து முட்டை பூத்துப்போயின.
ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன்.
பார்த்திருக்க வேண்டாம்.

எழுபத்தோராம் நாள் எனக்கு நைட் ட்யூட்டி.
ஆஸ்பத்திரி மொட்டைமாடி, சில்லர் இரைச்சல்,
மூன்று மணிக்கு சேவுகனின் போன்.
ரகசியம் பேசுகிற குரல்.
"அண்ணே, கிழியுது."
கை வைக்காதே.
"வைக்கல. மூக்கு வந்திருச்சு.
என்னத்தான் பாக்குது."
அப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
போனில் டக் கேட்டது.
பேலன்ஸ் தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பதில் எட்டு.
வெள்ளிக்கிழமை குல்சமீரின் பிக்கப்பில்,
வாளி தோண்டாத பக்கமாய்ப் போனோம்.
கறி பற்றி அவன் பேச்செடுக்கவில்லை.
ஏழு குஞ்சும் பெட்டி சாய்ந்ததும் காணவில்லை.
ஒன்று மட்டும் என் செருப்பு நிழலில்
வயிறு ஏறி இறங்க நின்றது.
கால் மரத்துப்போகும்வரை நானும் நின்றேன்.

பெட்டியைத் தூக்கிப்போட மனசில்லை.
இந்தக் குளிரில் தயிர் உறைவதே இல்லை என்று
பால் கிண்ணத்தைக் கொண்டுவந்தான் சேவுகன்.
இப்போது தினமும் உறைகிறது,
கட்டியாய், லேசான மீன் வாசத்தோடு.
அந்தப் பக்கம் நடக்கும்போது
எட்டுப் பேரும்
இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறோம்.